கரு, சூல், சினை: கருவியல் கல்வி எழுப்பும் ஓர் அறவினா

முன்னுரை

இந்தியக் கல்லூரிகளில் விலங்கியல் பயிலும் இளநிலை மாணவர் கருவியலுக்குள் நுழையும் வாயில் பெரும்பாலும் கோழிமுட்டையே ஆகும். அடைகாக்கப்பட்ட முட்டையின் 24, 48, 72, 96 மணி நேரக் கருநிலைகளை நுண்ணோக்கியில் இனங்கண்டு, வரைந்து, உறுப்புகளைக் குறித்தல் செய்முறைப் பயிற்சியின் நெடுநாள் மரபு. தேர்வாளர் கேட்கும் வினா, ‘இது எத்தனை மணி நேரக் கரு?’ என்பது. மாணவர் உள்ளத்தில் எழுந்து, ஆய்வுக்கூடத்தில் கேட்கப்படாமலேயே அடங்கிவிடும் வினா வேறு: ‘இது எப்போதிலிருந்து ஓர் உயிர்? இதன் வளர்ச்சியை நிறுத்தியது தகுமா?’ முன்னதற்குப் பாடநூலில் விடை உண்டு. பின்னதற்கு அங்கு இடமே இல்லை.

இவ்வினாவை அறிவியலாரிடம் ஒப்படைத்துவிட்டு இலக்கிய ஆய்வாளர் ஒதுங்கிவிட இயலாது. கல்லூரி அறிவியலைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி 1960களிலும் 1970களிலும் வேகம் பெற்றபோது, கருவியலுக்கான கலைச்சொற்கள் தமிழின் பழஞ்சொற்களைக் கொண்டே ஆக்கப்பெற்றன. அச்சொற்கள் தம்முடன் பழைய பொருட்சாயல்களையும் கொண்டுவந்தன. மேலும், கருவின் வளர்நிலைகளை நிரலாகப் பேசும் பகுதிகள் நம் பக்தி இலக்கியத்தில் உள்ளன. அவற்றை ‘அன்றே சொன்ன அறிவியல்’ எனப் போற்றுவதோடு நம் ஆய்வுகள் பல நின்றுவிடுகின்றன. கருவியல் அறிவு மேற்கண்ட அறவினாவுக்கு எதுவரை விடை தரும் என்பதையும், அவ்வறிவு நின்றுவிடும் இடத்தில் சொல்லும் இலக்கியமும் என்ன தெளிவு தரும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல் காட்டுவதும் மறைப்பதும்

முட்டையை உடைத்ததும் கண்ணில் படும் இரு பகுதிகளை மஞ்சட்கரு, வெள்ளைக்கரு என வழங்குகிறோம். கருவியல் நோக்கில் இவை இரண்டுமே கரு அல்ல. மஞ்சள் பகுதி வளரும் உயிருக்கான உணவுச் சேமிப்பு. வெள்ளைப் பகுதி நீரும் புரதமும் கொண்ட காப்பு. கருவாக வளரக்கூடியது, மஞ்சளின் மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் அகலத்தில் காணப்படும் வெளிறிய வட்டத் தட்டு மட்டுமே. கரு அல்லாத இரண்டு கரு என்னும் பெயரைப் பெற்றிருக்க, கருவாகும் பகுதிக்குப் பொதுவழக்கில் பரவலான தனிப்பெயர் இல்லை. பெயரைக் கொண்டு பொருளின் இயல்பை முடிவு செய்ய முனைவோர்க்கு இஃது ஓர் எச்சரிக்கை எனலாம்.

‘கரு’ என்னும் சொல் கதைக்கரு, கருவறை, கருவூலம், கருப்பொருள் எனப் பல துறைகளில் விரிகிறது. பின்னர் வெளிப்படவிருப்பதை அல்லது உள்ளே அடங்கியிருப்பதைக் குறித்தல் இவ்வழக்குகள் பலவற்றின் பொதுச்சாயல். ‘சூல்’ என்னும் சொல்லோ சுமக்கப்படுவதைக் காட்டிலும் சுமப்பவரின் நிலையையே முன்னிறுத்துகிறது. பெண்ணும், முகிலும், பயிரும் சூல்கொள்வதாகவே தமிழ் பேசுகிறது. மூன்றாவது சொல்லாகிய ‘சினை’ ஆராய்ச்சிக்கு மிகவும் உரியது. அது விலங்கின் கருவுற்ற நிலையையும், மீன் முதலியவற்றின் முட்டைத் திரளையும், மரத்தின் கிளையையும் குறிக்கும். இலக்கணத்தில் முதற்பொருளின் உறுப்பையும் குறிக்கும். முதலும் சினையும் முழுமை – உறுப்பு என்னும் உறவினால் அறியப்படுவன.

கரு தாயின் உறுப்பா, தாயினுள் தங்கிய மற்றொரு முதலா என்பது இன்றைய மெய்யியலார் விவாதிக்கும் சிக்கல்களுள் ஒன்று. கரு என்னும் சொல் தனி முதல் ஒன்றை நினைவூட்டுகிறது. சினை என்னும் சொல் உறுப்பை நினைவூட்டுகிறது. சூல் என்னும் சொல் தாயை நினைவூட்டுகிறது. ஒரு சொல்லின் பொருட்பன்மை மெய்யியல் நிறுவலாகிவிடாது என்பது உண்மையே. எனினும், எச்சொல்லைத் தேர்கிறோமோ அதற்கேற்ப ஒரு விடையை நோக்கிச் சாய்கிறோம் என்பதை இச்சொற்கள் உணர்த்துகின்றன. பாடநூலில் ‘கரு’ நிலைபெற்று, விலங்கியலில் ‘சூல்’ பின்னுக்குச் சென்றதன் விளைவு பின்னர்க் காட்டப்பெறும்.

கோடில்லாத தொடர்ச்சி

கோழிக்கருவின் வளர்ச்சியைச் சுருக்கமாகக் காண்போம். இடப்பட்ட கருவுற்ற முட்டை தொடக்கநிலையில் இருப்பதன்று. தாயின் முட்டைக்குழாயில் ஏறத்தாழ ஒரு நாள் தங்கும்போதே பிளவிப்பெருகல் நிகழ்ந்து பல்லாயிரம் செல்கள் உருவாகியிருக்கும். அடைகாத்தல் தொடங்கிய 18 மணி நேர அளவில் தட்டின் நடுவே மூலக்கீற்று எனத்தக்க கோடு முழுமை பெறுகிறது. தலை எப்பக்கம், வால் எப்பக்கம் என்பது அக்கீற்றினால் புலனாகும். ஒரு நாள் அளவில் முதுகுப்புறத்தே உடற்கண்டங்கள் இணையிணையாகத் தோன்றத் தொடங்கும். ஏறத்தாழ 36 மணி நேரத்தில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மூன்றாம் நாளில் சிறகுக்கும் காலுக்கும் உரிய மொட்டுகள் எழுகின்றன. 21ஆம் நாளில் குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவரும். ஹாம்பர்கர், ஹாமில்டன் ஆகியோர் 1951ஆம் ஆண்டு இவ்வளர்ச்சியை 46 நிலைகளாகப் பகுத்தனர். ஆய்வாளர் தம்முள் குழப்பமின்றிப் பேசுவதற்காக வகுத்த அடையாளங்களே அவை. கரு அவ்விடங்களில் நின்று நின்று வளர்வதில்லை.

அரிஸ்டாட்டில் நாள்தோறும் முட்டைகளைத் திறந்து நோக்கி, மூன்றாம் நாளளவில் குருதித்துளி போன்ற இதயம் அசைவதைப் பதிவு செய்தார். அன்று முதல் இன்றுவரை, முதன்முறை முட்டைக்குள் நோக்குபவரை நிறுத்திவைப்பது அத்துடிப்பே. ஆனால் அத்துடிப்பு இதயத்தசையின் இயல்பினாலே எழுவது. நரம்புகள் இதயத்தை எட்டுவதற்கு முன்னரே அது தொடங்கிவிடுகிறது. ஆகவே அதனைக் கரு எதையேனும் உணர்கிறது என்பதற்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. நோக்குபவர் நெஞ்சில் எழும் அசைவு உண்மையானது. அது நோக்குபவரைப் பற்றிய செய்தி.

கருவுறுதலையே கோடாகக் கொள்ளலாம் என்பர் ஒரு சாரார். இக்கொள்கைக்கு ஒரு வலிமை உண்டு. வேறு எந்த இடத்தில் கோடு வரைந்தாலும், அதற்கு முந்தைய நொடிக்கும் பிந்தைய நொடிக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லையே என்னும் தடை எழும். ஆயினும் கருவுறுதலும் பல மணி நேரம் நீளும் நிகழ்ச்சியே, நொடிப்பொழுதன்று. மேலும், ஹான்ஸ் டிரீஷ் 1890களின் தொடக்கத்தில் கடல் முள்ளெலியின் இருசெல் நிலைக் கருவைப் பிரித்தபோது, ஒவ்வொரு செல்லும் முழுமையான இளவுயிரியாக வளர்ந்தது. மனிதக் கருவும் முதல் இரு வாரங்களில் பிளவுண்டு ஒத்த இரட்டையர் ஆகக்கூடும். இருவராகக்கூடிய ஒன்றை ‘இன்னார்’ எனச் சுட்டுவது எங்ஙனம் என்பது எளிதில் கடக்கத்தக்க வினா அன்று.

தாவரக் கருவியல் இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகிறது. பஞ்சானன் மகேஸ்வரி தலைமையேற்று வளர்த்த தில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறை இத்துறையில் உலகப் புகழ் பெற்றது. அங்கே சிப்ரா குகாவும் சதீஷ் சந்திர மகேஸ்வரியும் ஊமத்தை இனச் செடி ஒன்றின் மகரந்தப்பைகளை ஊடகத்தில் வளர்த்து, மகரந்தத்திலிருந்தே கருக்கள் எழுவதைக் கண்டு 1964ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஆணும் பெண்ணும் கூடாமலே கரு தோன்றியது. எலுமிச்சை இனத்தின் விதை ஒன்றினுள் கருவுறுதலால் வந்த கருவோடு, தாய்த் திசுவிலிருந்தே எழுந்த கருக்களும் இருப்பதுண்டு. அண்மையில், 2023ஆம் ஆண்டு, முட்டையோ விந்தணுவோ இன்றித் தண்டுச் செல்களிலிருந்து மனிதக் கருவை ஒத்த மாதிரிகள் உருவாக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. தாவரச் சான்று மனிதரைப் பற்றிய அறவினாவைத் தீர்த்துவிடாது. எனினும், கருவுறுதல் என்பது கரு என்னும் கருத்தின் பிரிக்கவியலாத கூறு அன்று என்பதை இவை நிறுவுகின்றன.

எனில், கோடே இல்லை. ஆதலால் வேறுபாடும் இல்லை என்று முடிக்கலாமா? கூடாது. நம் அகமரபு நாளைச் சிறுபொழுதுகளாகப் பகுக்கிறது. வானத்தில் யாமத்திற்கும் வைகறைக்கும் இடையே கோடு ஏதும் இல்லை. அதனால் யாமமும் நண்பகலும் ஒன்று என எவரும் கூறுவதில்லை. இரு முனைகளின் வேறுபாடு உண்மை. இடைப்பட்ட எல்லை மட்டுமே நம்மால் வரையப்படுவது. கருவியல் தரும் முதற்பாடம் இதுவே. ‘தொடக்கத்திலிருந்தே எல்லாம் ஒன்று’ என்பாரும், ‘பிறக்கும்வரை வெறும் செல்களே’ என்பாரும் இத்தொடர்ச்சியைப் பாதியளவே கண்டவராவர்.

படிநிலையும் தகுதிநிலையும்

வேறுபாடு உண்டு என்றவுடன் மற்றொரு வழுக்கல் நேர்கிறது. கருவின் முந்தைய நிலைகளைத் ‘தாழ்ந்த’ உயிர்களாகக் கருதும் பிழை அது. கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் 1828ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், பெயர்ச்சீட்டு ஒட்டாமல் சாராயத்தில் இட்டுவைத்த இரு சிறு கருக்கள் பல்லியா, பறவையா, பாலூட்டியா எனத் தம்மாலேயே கூற இயலவில்லை என்று குறிப்பிட்டார். அவர் கண்டது ஒப்புமை. பின்வந்த எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866 முதல் அதனை வரலாறாக மாற்றினார்: உயர் உயிரின் கரு, தன் மூதாதையரின் வடிவங்களை வரிசையாகக் கடந்து வருகிறது என்றார். அவர் 1874ஆம் ஆண்டு வெளியிட்ட கருவோவியங்கள் ஒற்றுமையை மிகைப்படுத்தியவை என்னும் குற்றச்சாட்டு அவர் காலத்திலேயே எழுந்தது. 1997ஆம் ஆண்டு ரிச்சர்ட்சன் குழுவினர் உண்மைக் கருக்களின் ஒளிப்படங்களோடு ஒப்பிட்டு அம்மிகையை வெளிப்படுத்தினர். ஆயினும் அவ்வோவியங்கள் பல தலைமுறை மாணவர்களின் பாடநூல்களில் நிலைத்திருந்தன.

தமிழாய்விலும் இதனையொத்த பிழைக்கு வாய்ப்பு உண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பகுக்கிறது. தொடுவுணர்வு, சுவை, நாற்றம், காட்சி, கேள்வி, மனம் என ஏறிச்செல்லும் அந்நிரலைக் கருவின் வளர்ச்சியோடு பொருத்தி, ‘கரு முதலில் ஓரறிவுயிராக இருந்து ஆறறிவு பெறுகிறது’ எனக் கூறுதல் கவர்ச்சியானது. ஆனால் நூலுக்குப் புறம்பானது. தொல்காப்பியர் பகுத்தது உயிரினங்களை. ஓர் உயிரின் பருவங்களை அன்று. பருவத்தைக் குறிக்க அதே இயலில் அவர் வேறு முறையைக் கையாள்கிறார்: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்னும் ஒன்பது இளமைப் பெயர்கள். இனநிரலையும் பருவப் பெயரையும் தனித்தனியே வைத்த அப்பகுப்புமுறை இங்குப் பின்பற்றத்தக்கது. 48 மணி நேரக் கோழிக்கரு ஒரு மீன் அன்று. ஒரு புழுவும் அன்று. அது 48 மணி நேரக் கோழிக்கரு. அதற்கு எவ்வளவு மதிப்பு அளிப்பது என்பதை, அது வேறு எதைப்போல் தோன்றுகிறது என்பதைக் கொண்டு முடிவு செய்யலாகாது.

‘நான்’ என்னும் பின்னோக்கு

மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் போற்றித் திருவகவல், தாய் வயிற்றில் கரு கடந்துவரும் இடர்களைத் திங்கள் வரிசையில் பேசுகிறது. திருமூலரின் திருமந்திரத்தில் கர்ப்பக் கிரியை என்னும் பகுதியும் கருவின் தோற்றம் குறித்துப் பேசுவதே. போற்றித் திருவகவற் பகுதியை இக்காலக் கருவியலோடு ஒப்பிட்டு, எந்தத் திங்களில் எது பொருந்துகிறது எனக் காட்டும் முயற்சிகள் நமக்குப் புதியன அல்ல. அவ்வொப்பீடு அப்பகுதியின் உயிர்நிலையைத் தவறவிடுகிறது.

அங்கே பேசுபவர் யார் என்பதே நோக்கத்தக்கது. பிழைத்து வந்த ஓருயிர், தான் கடந்துவந்த இடர்களைத் திரும்பி நோக்கி நன்றியுடன் எண்ணுகிறது. கருப்பை இடர்களைக் கடந்த பின்னரே அவை எண்ணப்படுகின்றன. பிறந்து, மொழி கற்று, இறைவனை நோக்கி நிற்கும் ஒருவர்க்கே அக்கூற்று இயலும். பாடநூலின் பார்வை இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. அது கருவில் தொடங்கி, ‘இது என்னவாகும்?’ என முன்னோக்குகிறது. ‘நான் அதுவாக இருந்தேன்’ என்பதும் ‘அது நானாகும்’ என்பதும் ஒன்றுபோல் தோன்றினும் அளவை முறையில் வேறானவை. முன்னது நிகழ்ந்துவிட்ட ஒரே பாதையைக் கூறுவது. பின்னது நிகழக்கூடிய பல பாதைகளுள் ஒன்றைக் கூறுவது. அப்பாதைகளுள் இரட்டையராதலும் உண்டு, வளராமல் நின்றுவிடுதலும் உண்டு.

கருவைப் பற்றிய அறவிவாதங்களில் பெரும் குழப்பம் இவ்விரு கூற்றுகளையும் கலப்பதால் விளைகிறது. ‘உன் தாய் உன்னை அழித்திருந்தால்?’ என்னும் வினா கேட்பவரை அசைக்கிறது. ஏனெனில் அது பின்னோக்குக் கூற்றின் நன்றியுணர்வை எடுத்து முன்னோக்குக் கூற்றின்மேல் ஏற்றுகிறது. மாணிக்கவாசகர் அவ்வாறு செய்யவில்லை. அவர் எவர்க்கும் விதி வகுக்கவில்லை. தம் இருப்பு தம்மால் ஈட்டப்பட்டதன்று என்பதை உணர்கிறார். கருவியல் மாணவர்க்கு இலக்கியம் தரக்கூடிய பயன் இத்தகைய உணர்வே. இது விதியாக மாறினால் அதன் இயல்பு கெடும்.

ஓடும் தாயும்

அதே அகவல் பத்தாம் திங்களைக் கூறுமிடத்து, அத்துயரைத் தாயோடு சேர்ந்து படும் துயராகவே கூறுகிறது. இக்குறிப்பு சிறியதாயினும் கல்லூரிக் கருவியல் காட்டத் தவறும் ஒன்றைக் காட்டுகிறது.

கோழிமுட்டை பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணங்கள் நடைமுறை சார்ந்தவை: எளிதில் கிடைப்பது, விலை குறைந்தது, வெளியில் வளர்வது, திறந்து பார்க்கத்தக்கது. ஆனால் இத்தேர்வு பார்வையையும் பழக்குகிறது. ஓட்டுக்குள் உணவும் நீரும் வைத்துத் தாயிடமிருந்து பிரிந்துவிட்ட கருவையே மாணவர் பயில்கிறார். தேவைப்படுவது வெப்பமும் காற்றும் மட்டுமே, அவற்றை அடைகாப்புப் பெட்டியும் தந்துவிடும். பின்னர் மனிதக் கருவின் படங்களைக் காணும்போதும் அவர் கண்முன் நிற்பது வெற்றுத்தாளில் தனியே மிதக்கும் ஓர் உருவம். அதைச் சுற்றியுள்ள பெண்ணின் உடல் படத்தின் விளிம்புக்கு வெளியே போய்விடுகிறது. கரு இருந்து சூல் மறைந்த நிலை இது.

மனிதக் கருவைப் பொறுத்தவரை இம்மறைவு பெரும் பிழையாகும். நச்சுக்கொடி வழியே ஒவ்வொரு நொடியும் மற்றோர் உடலிலிருந்து பெற்றே அது வளர்கிறது. அவ்வுடல் களைப்பும் நோயும் உயிரிடரும் ஏற்கிறது. ஆகவே ‘கருவின் மதிப்பு என்ன?’ என்னும் வினாவைத் தனியே எழுப்பி விடை காண இயலாது. ‘இக்கருவைச் சுமப்பவரிடம் நாம் எதைக் கோரலாம்?’ என்னும் வினாவும் அதனோடு பிணைந்தே வருகிறது. இந்தியச் சட்டமும் ஒரே கோட்டால் இதைத் தீர்க்க முயலவில்லை. மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2021ஆம் ஆண்டு திருத்தப்பட்டது. 20 வாரம், 24 வாரம், அதற்கு மேல் எனக் கருவின் வளர்ச்சியையும் பெண்ணின் நிலையையும் ஒருங்கே கருதி அது படிப்படியாக நிபந்தனைகளை மிகுவிக்கிறது. அப்படிகள் சரியான இடத்தில் உள்ளனவா என்பது விவாதத்திற்குரியது. படிகளாக அமைத்தது தொடர்ச்சியின் இயல்புக்கு ஒத்தது.

கோடு வரைபவரின் பொறுப்பு

கருக்காலத்தில் பாலினம் அறிதலைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், பின்வந்த திருத்தத்தின்படி, கருவுற்றதிலிருந்து 56 நாள் முடியும்வரை உள்ளதைக் கரு எனவும், 57ஆம் நாள் முதல் உள்ளதை முதிர்கரு எனவும் வரையறுக்கிறது. ஆய்வகத்தில் மனிதக் கருவை வளர்ப்பதற்கு 14 நாள் எல்லையை 1984ஆம் ஆண்டு பிரிட்டனின் வார்னக் குழு பரிந்துரைத்தது. மூலக்கீற்று தோன்றும் காலத்தை ஒட்டி வகுக்கப்பட்ட அவ்வெல்லையை இந்தியாவின் 2017ஆம் ஆண்டுத் தண்டுச் செல் ஆய்வு வழிகாட்டுதல்களும் ஏற்றன. தண்டுச் செல் ஆய்வுக்கான பன்னாட்டுக் கழகம் 2021ஆம் ஆண்டு இதனை முழுத்தடைப் பட்டியலிலிருந்து நீக்கி, தனித்த ஆய்வுக்குப் பின் கருதத்தக்கதாக்கியது.

56ஆம் நாள் இரவு கருவுக்குள் எதுவும் திடீரென மாறுவதில்லை என்பதைக் கருவியல் பயின்ற எவரும் அறிவர். அதனால் அக்கோடு பொய்யாகிவிடாது. அது கண்டுபிடிக்கப்பட்டதன்று, வரையப்பட்டது என்பதே பொருள். கண்டுபிடிக்கப்பட்டதற்கு இயற்கை பொறுப்பு. வரையப்பட்டதற்கு வரைந்தவர் பொறுப்பு. ‘அறிவியல் இவ்வாறு சொல்கிறது’ எனக் கூறித் தம் முடிவை அறிவியலின்மேல் ஏற்றுதல், எத்தரப்பார் செய்யினும், பொறுப்பைத் துறப்பதாகும். வரைந்தவர் காரணம் கூறவேண்டும். அக்கோட்டினால் சுமை எவர்மேல் விழுகிறது என்பதைக் காட்டவேண்டும். புதிய அறிவு வரும்போது மறுபடி எண்ணவேண்டும்.

வகுப்பறைக்கும் இது பொருந்தும். விலங்குகளை அறுத்துப் பயிலும் முறையைக் குறைக்கவும் கைவிடவும் பல்கலைக்கழக மானியக் குழு 2011, 2014 ஆகிய ஆண்டுகளில் அறிவுறுத்தியது. ஒரு நல்ல வில்லையை உருவாக்க ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகள் வீணாவதுண்டு. முன்னரே ஆயத்தம் செய்யப்பட்ட நிலைத்த வில்லைகள் போதுமான இடத்தில் புதிய முட்டையைத் திறக்க வேண்டியதில்லை. துடிக்கும் இதயத்தையும் குருதியோட்டத்தையும் போல, உயிருள்ள கருவில் மட்டுமே காணத்தக்கவற்றுக்காகத் திறப்பதாயின், அதற்குரிய காரணத்தைச் செய்முறைக் குறிப்பேட்டின் முதல் வரியாக மாணவரே எழுதுதல் நன்று: எத்தனை முட்டைகள், எந்த நிலை, வேறு வழியில் அறியமுடியாதது எது. இதற்குப் புதிய தாளோ தனிப்பாடமோ தேவையில்லை. கேட்கப்படாமல் அடங்கிய வினாவுக்கு ஏட்டில் ஓர் இடம் கிடைக்கும். செய்வதைக் காரணத்தோடு செய்யும் பழக்கம் அமையும். அம்மாணவருள் சிலர் நாளை மருத்துவ ஆய்வகங்களில் மனிதக் கருக்களைக் கையாளவிருப்பவர் என்பதும் கருதத்தக்கது.

முடிவுரை

கருவியல், கருவின் மதிப்பு இன்ன நாளில் தொடங்குகிறது எனக் கூறுவதில்லை, கூறவும் இயலாது. ஆனால் அது தொடர்ச்சியைக் காட்டுவதன் மூலம் எளிய விடைகள் இரண்டையும் விலக்குகிறது. மதிப்பு வளர்ச்சியோடு மிகுவது என்னும் கொள்கையே அத்தொடர்ச்சிக்கு மிகவும் இயைந்தது என்பது இக்கட்டுரையின் துணிபு. அதனை ஏற்போர், எல்லை வகுக்கும் இடத்தில் காரணம் கூறும் கடமையையும் ஏற்றவராவர்.

தமிழ்த்துறையாருக்கு இதில் இரு பணிகள் உள்ளன. ஒன்று, கலைச்சொல்லாக்கத்தில் கரு என்னும் ஒரு சொல்லையே பல பொருள்களுக்கும் ஏற்றுவதைத் தவிர்த்து, சூல், சினை ஆகியவற்றின் பொருள் வேறுபாட்டைப் பாடநூலாசிரியர்க்கு எடுத்துரைத்தல். மற்றொன்று, போற்றித் திருவகவல் போன்ற பகுதிகளை அறிவியலுக்கு முந்திய அறிவியலாக அன்றி, பிறந்துவிட்ட ஒருவர் தம் தொடக்கத்தை எண்ணிப் பார்க்கும் கூற்றாகப் பயிற்றுவித்தல். விலங்கியல் வகுப்பில் எழும் வினாவைத் தமிழ் வகுப்பிலும் தயக்கமின்றிக் கேட்கும் நிலை இதனால் உருவாகும் எனலாம்.